தப்புச் சத்தமும் டிஷ் டீவியும்

சின்ன வயசுல எங்க லயத்துல, அதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல, டீவி பாக்கணும்னா ரெண்டு பேர் வேணும். அப்பா வெளிய நின்னு மூங்கில்ல கட்டுன அன்டனாவ திருப்புவாரு, நான் காம்பராவுக்குள்ள, அதான் அறைக்குள்ள, இருந்து "இன்னும் கொஞ்சம்பா, ஆ சரி, ஐயோ போயிருச்சு"ன்னு கத்துவேன். இலங்கையிலயே உசரமான பீதுருதாலகால மலையில 2524 மீட்டர் உயரத்துல டவர் இருந்தும் நடுவுல வேற மலை மறைச்சா சிக்னல் மெலிஞ்சிரும், படம் பூரா புள்ளி புள்ளியா கொட்டும். ஆனா ஆளு யாருன்னு தெரியும்.

அதுதான் அனலாக். அலையோட வடிவமே செய்தி. அதுல எந்த அளவு வந்தாலும் அது சரியான செய்தியா இருக்கலாம், அதனால எது படம் எது வழியில கலந்த இரைச்சல்னு டீவிக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, வழியில ஆம்ப்ளிஃபயர் வச்சு பெருசாக்குனா இரைச்சலும் சேந்தே பெருசாகும்.

டிஜிட்டல் எப்படின்னா, தோட்டத்துல தப்பு மேளம் அடிக்கிறத நெனச்சுப் பாருங்க. சாவு அடி வேற, கல்யாண அடி வேற. எதிர் மலையில இருந்து காத்தோட அரைகுறையா கேட்டாலும் எந்த அடின்னு சொல்லிருவோம், ஏன்னா இருக்கிறதே கொஞ்சம் அடிதான், அதுல ஒண்ண தெரிஞ்சா போதும். கேட்டவரு அதே அடிய அவரு தப்புல புதுசா அடிச்சா அடுத்த மலைக்கு சுத்தமா போகும், வழியில பட்ட காத்துச் சத்தம் அங்கயே நின்னுரும். 0 வோல்ட், 5 வோல்ட்னு ரெண்டே அளவு அனுப்பி 4.3 வந்து சேந்தாலும் அது 5தான்னு முடிவு பண்றது இதே வேலைதான்.

சும்மா இல்ல, விலை இருக்கு. டெலிபோன்ல குரல செக்கனுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 256 படியில ஒண்ணா ஒதுக்கி 8 பிட்டா, அதாவது எட்டு 0 இல்லன்னா 1ஆ, எழுதுறாங்க, மொத்தம் செக்கனுக்கு 64,000 பிட். 3400 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 3400 அதிர்வு) வரைக்கும் உள்ள குரலுக்கு இந்த 8000 தாராளம், அளக்கிறதால ஒண்ணும் போகாது. படியில ஒதுக்கும்போதுதான் நுணுக்கம் கொஞ்சம் போகும், ஆனா அது ஒரு தடவதான், அதுக்கப்புறம் எத்தன மலை தாண்டுனாலும் அந்த இழப்பு அதிகமாகாது.

எனக்கு இதுல உண்மையிலேயே ஆச்சரியமானது, 1948ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த கிளாட் ஷானன் நிரூபிச்சதுதான். இரைச்சல் உள்ள பாதையில பிழைய கொறைக்கணும்னா வேகத்த கொறச்சுக்கிட்டே போகணும்னுதான் அதுவரைக்கும் நெனச்சிருந்தாங்க. இல்ல, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வேக எல்லை இருக்கு, அதுக்குள்ள அனுப்புனா சரியான குறியீட்ட, அதாவது பிழைய திருத்த வசதியா பிட்டுகள அடுக்குற முறைய, வச்சு பிழைய எவ்வளவு வேணும்னாலும் கொறைக்கலாம்னாரு அவரு. 3000 ஹெர்ட்ஸ் அகலமான லைன்ல சிக்னல் இரைச்சல விட 1000 மடங்கு பலமா இருந்தா எல்லை செக்கனுக்கு கிட்டத்தட்ட 30,000 பிட். எல்லைய தாண்டுனா எந்தக் குறியீடும் காப்பாத்தாது.

இப்ப எங்க கூரையில டிஷ் இருக்கு. அதுக்கு வர்ற 12 கிகாஹெர்ட்ஸ் அலைய அடை மழை உறிஞ்சிரும். கொஞ்ச நேரம் பிழை திருத்தம் தாங்கும், படம் கண்ணாடி மாதிரி இருக்கும், அப்புறம் ஒரே அடியா கட்டம் கட்டமா ஒடஞ்சு உறைஞ்சிரும், பாதி ஓவர்ல போலர் கைய தூக்குன மேனிக்கு நிப்பாரு. அப்ப அப்பா எழும்பி பழைய ரேடியோவ போடுவாரு. கொரகொரன்னுதான் இருக்கும், ஸ்கோர் கேக்கும்.