நோட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கும் அப்பாக்களுக்கு

இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். கேட் பக்கம் நின்று மகனின் நோட்டை விரித்துக் காட்டினார். "என்ன டீச்சர், ரெண்டு நாளா ஒரு வரிகூட எழுதல. சட்டையெல்லாம் சேறு. பிள்ளைய படிக்க அனுப்புறோமா, மண்ணள்ள அனுப்புறோமா?"

மன்னார்குடிப் பக்கம் தொடக்கப்பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத்தான் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். கேள்வி மாறவே இல்லை. 2007-08-இல், பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுக்க வந்தபோது "பாயிலயா உட்கார வைக்கிறீங்க?" என்றார்கள். 2022-இல், ஆட்டமும் பாட்டுமாக எண்ணையும் எழுத்தையும் சொல்லிக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இப்போது "ஆடிப் பாடிட்டே இருந்தா எப்ப படிக்கிறது?" என்கிறார்கள்.

அந்த அப்பாவின் மகன் நூறு வரை ஒரே மூச்சில் சொல்வான். அவர் முன்னாலேயே, "தம்பி, பதினேழு புளியங்கொட்டை எடுத்துட்டு வா" என்றேன். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தான். எண்ணச் சொன்னேன். விரல் ஒரு கொட்டையிலேயே நிற்க, வாய் மூன்று எண் தாண்டிப் போய்விட்டது. 23 என்றான். மறுபடி எண்ணினான், 19.

நூறு வரை ஒப்பிப்பது பாட்டுப் பாடுவது மாதிரி. ஒரு கொட்டைக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இது விரல் தொட்டுத் தொட்டுத்தான் பழகும். நோட்டில் நூறு வரை பத்துத் தடவை எழுதினாலும் வராது. எழுதிய பக்கத்தைப் பார்த்து உங்களுக்கு நிம்மதி வரும், அவ்வளவுதான். சேறும் அப்படித்தான். களிமண் பிசைந்து உருட்டாத விரலுக்குப் பென்சிலைப் பிடிக்கத் தெம்பு இருக்காது. ஆறு வயதுப் பிள்ளை கை வலிக்குது என்று அழுதால் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

போன வாரம் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். 34 என்றால் என்ன என்று கேட்டேன். "மூணு முடி, நாலு உதிரி" என்றது ஒரு பெண். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர். நாற்றைக் கட்டுக் கட்டாக முடிந்து வைக்கும் நாற்றுமுடியைப் பார்த்த பிள்ளை. 'இடமதிப்பு' என்ற சொல்லை அன்று நான் எடுக்கவே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவு பதினோரு மணிக்கு அப்பா உட்கார்ந்து தெர்மாகோலில் மேட்டூர் அணை கட்டினால் அது பிள்ளை தன் கையால் செய்து படிக்கும் கைவழிக் கற்றல் இல்லை. அதில் கற்றுக்கொள்வது அப்பா மட்டும்தான்.

சரி, வகுப்பை வெளியே கூட்டிப்போனால் என்ன ஆகுமோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆபத்தும் உண்டு. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள், போகவே கூடாது என்று சொல்லாதீர்கள். எங்கள் பக்கம் பள்ளியும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் திறக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணை, அப்புறம் எங்கள் வாய்க்கால். மே மாதம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய அதே வாய்க்கால். ஆழம் மாறியது அவர்களுக்குத் தெரியாது. சக ஆசிரியர்களே, வாட்ஸ்அப் குழுவில் போட நல்ல படம் கிடைக்கும் என்று வகுப்பைக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியே போதும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் தலையெண்ணுங்கள். கல்லைப் புரட்டுவது, வைக்கோல் போருக்குள் கையை நுழைப்பது எல்லாம் கிடையாது. வயல்காட்டில் கண்ணாடி விரியன் இருக்கிறது. வெயில் ஏறும் முன் உள்ளே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எண்ணுவதற்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் விதைக்குள் கடும் நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். புளியங்கொட்டைகூடக் கண்ணெதிரே இருக்கும்வரைதான். மூக்கில் போட்டுக்கொண்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் போனால் ஹேர்பின் விட்டுக் குடையாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பெற்றோர்களே, ஒரே ஒரு கெஞ்சல். காலில் செருப்பு மாட்டி அனுப்புங்கள், வெறுங்காலோடு வேண்டாம். மண் வேலை என்று நான் சொல்லி அனுப்பும் நாளில் பழைய சட்டை போடுங்கள். சாயங்காலம் டவுசர் பையில் புளியங்கொட்டை கிடந்தால், தூக்கிப் போடாமல் எண்ணிக் காட்டச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். நாளைக்கு வகுப்புக்கு வேண்டும்.