தூங்கும் முன் விளையாட்டு: எதில் தொடங்கி எதில் முடிப்பது?

"ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால் பத்தரைக்குத்தான் கண்ணை மூடுகிறான்." மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து அதிகம் வரும் புகார் இது. கொஞ்சம் விசாரித்தால், எட்டே முக்கால் வரை வீடு முழுக்க வெளிச்சமும் டிவி சத்தமுமாக இருந்திருக்கும். பிறகு திடீரென்று விளக்கை அணைத்து, "தூங்கு!" என்று ஒரு அதட்டல். அதட்டினால் தூக்கம் வராது, அழுகைதான் வரும்.

விளையாட்டுக் காட்டித் தூங்க வைக்கலாமே என்று சிலர் இறங்குவார்கள். படுக்கையில் கிச்சுகிச்சு மூட்டுவார்கள், தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். சிரித்துச் சிரித்துக் குழந்தைக்கு விக்கல் வருமே தவிர, கொட்டாவி வராது. தூங்கும் முன் ஆடும் விளையாட்டு ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் குறைந்துகொண்டே போக வேண்டும். உடம்பு முழுவதும் அசைவதில் தொடங்கி, அசையாமல் கிடப்பதே ஆட்டம் என்ற இடத்தில் முடிய வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். பகலில் தூங்காத ஐந்து வயதுக் குழந்தை காலை 6.30க்கு எழ வேண்டுமானால், இரவு 8.30க்குள் தூங்கியிருக்க வேண்டும். ஆட்டத்தை 7.45க்கே தொடங்கினால்தான் இது நடக்கும்.

ஆனால் இப்போது 10.30க்குத் தூங்கும் குழந்தையை நாளைக்கே 8.30க்குப் படுக்க வைப்பது வீண் சண்டை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடம்பின் கடிகாரம் நம்மை அதிக விழிப்போடு வைத்திருக்கும். இரவு ஒன்பது மணிக்குத் திடீரென்று பிள்ளை துள்ளுவது திமிரால் அல்ல. முதல் சில நாட்கள் 10.15க்கே படுக்க வையுங்கள். 20 நிமிடத்துக்குள் தூங்கத் தொடங்கியதும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் விடுமுறை நாளிலும் மாறக் கூடாது. அது தளர்ந்தால் மொத்த உழைப்பும் போச்சு.

படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கூரை விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றைப் போடுங்கள். குழந்தைகளின் கண்மணி பெரியது, விழிவில்லை தெளிவானது. அதனால் நமக்குச் சாதாரணமாகத் தெரியும் வெளிச்சமே, தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் அவர்களுக்குச் சுரப்பதைத் தள்ளிப்போடும். வெந்நீரில் குளிக்க வைப்பதும் இந்த நேரத்தில்தான். குளித்த பிறகு கை கால் வழியாக வெப்பம் வெளியேறி உடம்பு குளிரும்போது தூக்கம் எளிதாக வரும்.

இனி ஆட்டம். பல் துலக்கப் போகும் வழியிலேயே தொடங்கலாம். போகும்போது கரடி மாதிரி நாலு காலில் நடை, வழியில் சுவரை உள்ளங்கையால் பத்து எண்ணும் வரை தள்ளுவது, திரும்பும்போது ஆமை நடை. கடைசியாக வருபவருக்குத்தான் வெற்றி. எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும்.

படுக்கைக்கு வந்ததும் ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, "இது தூங்க மாட்டேங்குது, நீ தூங்க வை" என்று ஒப்படையுங்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளை உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்... பேசாதீங்கம்மா, அது முழிச்சுக்கும்" என்று கிசுகிசுக்கும். குரலைத் தணி என்று நீங்கள் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.

அடுத்தது பிழியும் ஆட்டம். ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒவ்வொரு உறுப்பையும் ஐந்து எண்ணும் வரை இறுக்கி, பத்து எண்ணும் வரை தொளதொளவென்று விட வேண்டும். முகத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். மூஞ்சியைச் சுளித்தாலே சிரிப்பு பீறிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். முகம், தோள், கை, வயிறு, கால்விரல் என்று மேலிருந்து கீழே வாருங்கள்.

பிறகு வயிற்றின் மேல் சின்னப் பொம்மை ஒன்றை வைத்துப் 'படகு' ஓட்டலாம். மூச்சு இழுக்க மூன்று, விட ஐந்து எண்ணிக்கை. 'நல்லா இழு' என்று தூண்டினால் தலை சுற்றும், படகு மெல்ல அசைந்தால் போதும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இது வேண்டாம். அந்த வயதில் தூங்கும் இடத்தில் பொம்மையோ தலையணையோ இருக்கவே கூடாது, மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு.

கடைசி ஆட்டம் முதுகில் எழுதுவது. விரல் நுனியால் பெரிதாக ஒரு எழுத்து, அது என்னவென்று பிள்ளை சொல்ல வேண்டும். நாலைந்து எழுத்துக்குப் பிறகு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, வட்டங்களை மட்டும் மெதுவாகப் போடுங்கள். சில குழந்தைகளுக்கு லேசான தொடுகை கூசும். அவர்களுக்கு உள்ளங்கையை அழுத்தமாக வைத்து எடுத்தால் போதும். இந்தக் கட்டத்தில் பாதிப் பெற்றோர் தாங்களே தூங்கிவிடுவார்கள்! முடிந்தால், குழந்தை சொக்கும்போதே எழுந்து வந்துவிடுங்கள். தட்டிக்கொடுக்கும் கையோடு தூங்கிய குழந்தை, நடுராத்திரி புரண்டு விழிக்கும்போதும் அந்தக் கையைத் தேடும்.

"தண்ணி வேணும்", "ஒண்ணுக்கு வருது" என்று எழுந்து வரும் பிள்ளைக்கு, மூன்று வயதுக்கு மேல் என்றால் 'ஒரு தடவை' சீட்டு கொடுக்கலாம். அட்டையில் பிள்ளையே படம் வரையட்டும். இரவில் ஒரே ஒரு முறை அதைக் கொடுத்து வெளியே வரலாம், காரணம் கேட்கக் கூடாது. அதன் பிறகு வந்தால் பேச்சில்லாமல் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள். பயன்படுத்தாத சீட்டுக்குக் காலையில் ஒரு ஸ்டிக்கர். முதல் சில இரவுகள் அடம் கூடினாலும் சட்டத்தை மாற்றாதீர்கள். நிஜமாகவே பயந்து வரும் குழந்தைக்கு இந்தச் சீட்டுக் கணக்கு பொருந்தாது, அதற்கு அணைப்புதான் வேண்டும்.

வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, படுத்தாலே கால் குறுகுறுக்கிறது என்று உதைத்துக்கொள்வது, இவை இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கமோ இரும்புச்சத்துக் குறைவோ இருந்தால் எந்த ஆட்டமும் எடுபடாது. அவரைக் கேட்காமல் மெலடோனின் மாத்திரையோ சிரப்போ கொடுக்க வேண்டாம்.