இரண்டு முக்கோணங்கள் தாங்கும் தெப்பம்

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டிருக்கிறது ‘மெடூசாவின் தெப்பம்’ என்ற ஓவியம். உயரம் ஏறத்தாழ 5 மீட்டர், அகலம் 7 மீட்டர். பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ 1819இல் முடித்தது. 1816இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே தரைதட்டிய ‘மெடூசா’ என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து சுமார் 150 பேர் ஒரு தெப்பத்தில் ஏறினார்கள். 13 நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 15 பேர்.

இத்தனை உடல்கள் குவிந்து கிடந்தும் படம் குழம்பவில்லை. அடிப்படையில் அது இரண்டே முக்கோணங்கள். இடப்பக்கம் பாய்மரமும் அதை இழுத்துக் கட்டிய கயிறுகளும் ஒன்று. வலப்பக்கம் மனிதர்களே இன்னொன்று: கீழே பிணங்கள், அதற்கு மேல் எழ முயல்பவர்கள், உச்சியில் பீப்பாய்மீது ஏறித் துணி வீசும் கறுப்பின மனிதர். இவர்கள் தொடுவானில் புள்ளியாகத் தெரியும் கப்பலை நோக்கி எழ, காற்று புடைத்த பாய் தெப்பத்தை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பிழைப்பார்களா என்ற பதைப்பை நமக்குள் ஏற்றுவது இந்த இழுபறிதான். முக்கியமான பலர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

கண் இதை எப்படிப் பிடிக்கிறது? விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், நக அளவுக்குத்தான் துல்லியம். மற்றதெல்லாம் மங்கலான திட்டுகள். அடுத்து எங்கே பார்ப்பது என்று மூளை முடிவுசெய்ய அந்தத் திட்டுகளே பெரிதும் உதவுகின்றன. சாய்வுகளுக்கும் தனி ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டைக் கண்டால் மட்டும் தூண்டப்படும் நரம்பு செல்களைப் பூனையின் மூளையில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் கண்டறிந்து 1959இல் வெளியிட்டார்கள். 1981இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

ஆகவே, வரையக் கற்பவர் முதலில் பழக வேண்டியது விவரங்களை விட்டுவிடுவதை. சமையல் மேடையில் ஒரு குடமும் சொம்பும் இருக்கட்டும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். குடத்தின் இருண்ட பக்கமும் அதன் நிழலும் ஒட்டிக்கொண்டு ஒரே திட்டாகிவிடும். அதை ஒன்றாகவே வரையுங்கள். நடுவே கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். இரண்டு பாத்திரங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் ஒரு வடிவம்தான், அதற்கும் அளவு பார்க்க வேண்டும்.

தீப்பெட்டி அளவில் சில கட்டங்கள் போட்டு, கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும் வைத்து ஒவ்வொன்றிலும் அடுக்கை மாற்றிப் பாருங்கள். ஜெரிக்கோவும் எத்தனையோ முன்வரைவுகளுக்குப் பிறகுதான் அந்தப் பெரிய துணியில் கை வைத்தார். கட்டங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்தும் தெளிவாகப் பிடிபடுவதைப் பெரிய தாளுக்கு மாற்றலாம்.