பொருள் போய்விட்டது, பாண்டு போகவில்லை

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்ப் உற்பத்தியாளர் போன் செய்தார். சென்னைச் சுங்க அலுவலகத்தின் பாண்டு (உறுதிமொழிப் பத்திரம்) பிரிவிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. 2022-ல் கென்யாவிலிருந்து பழுதுபார்க்கத் திரும்பி வந்த ஒரு பெரிய பம்புக்கு வரியும் வட்டியும் கட்டச் சொல்கிறார்கள். "அதைத்தான் ரிப்பேர் பண்ணி அப்பவே அனுப்பிட்டமேங்க, அப்புறம் எதுக்குங்க வரி?" என்றார். சுங்க வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் என்னிடம் இந்தக் கேள்வி வருவது இந்த ஆண்டில் ஐந்தாவது முறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஏற்றுமதியான நம் சரக்கு பழுதுக்காகத் திரும்பி வரும்போதும், கண்காட்சிக்கு வெளிநாட்டு இயந்திரம் வரும்போதும், 'திருப்பி அனுப்பிவிடுவோம்' என்று பாண்டு எழுதிக் கொடுத்தால் வரி கட்டாமல் எடுத்து வரலாம். இது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது, அந்த பாண்டு எப்போது முடிகிறது என்பதுதான்.

கப்பல் ஏறினால் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முடியாது. சுங்கச் சட்டம் 1962-ன் 143-வது பிரிவை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். சொன்ன வேலையைச் சொன்ன கெடுவுக்குள் செய்தால் பாண்டு நிறைவேறியதாகக் கருதி ரத்து செய்து தருவார்கள். செய்யாவிட்டால் அந்த பாண்டின்மேல் நடவடிக்கை எடுப்பார்கள். செய்தீர்களா இல்லையா என்பது அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நீங்கள் காட்டினால்தான் தெரியும். ஏற்றுமதி ஆகியிருக்கிறது என்று அவர் கணினியில் தேடிக் கண்டுபிடித்து, உங்கள் பில் ஆஃப் என்ட்ரியோடு (இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) தானே பொருத்திப் பார்த்து, பாண்டைக் கிழித்துப் போடமாட்டார். அவர் கணக்கில் ஒரு பக்கம் பொருள் உள்ளே வந்திருக்கிறது, இன்னொரு பக்கம் காலி. அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டியவர் நீங்கள்தான். ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்), ஏற்றுமதியானதற்கான சான்று, சோதனைக் குறிப்பு எல்லாவற்றையும் இணைத்து, பாண்டை ரத்து செய்யுங்கள் என்று விண்ணப்பம் கொடுத்து, ரத்தான கடிதத்தைக் கையில் வாங்க வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை பாண்டு உயிரோடு இருக்கிறது. மூன்று வருடம் ஆனாலும் இருக்கிறது.

கோவைக்காரர் விஷயத்தில் சிக்கல் இதோடு நிற்கவில்லை. பம்ப் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தது. சரிசெய்த பிறகு, கட்டணம் குறைவு என்று வேறொரு ஏஜென்ட்டிடம் கொடுத்து தூத்துக்குடி வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஏஜென்ட்டிடம் இது பாண்டில் வந்த சரக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவர் சாதாரண ஏற்றுமதியாக ஷிப்பிங் பில் போட்டுவிட்டார். பழைய பில் ஆஃப் என்ட்ரி எண் எங்கேயும் இல்லை. போதாததற்கு, உடைந்த கேசிங்கை, அதாவது பம்பின் வெளிக்கூட்டை, மாற்றியபோது நேம் பிளேட்டையும் புதிதாக அடித்து ஒட்டிவிட்டார்கள், புது சீரியல் நம்பரோடு. வந்தது ஒரு பம்ப், போனது வேறு பம்ப் என்றுதானே காகிதத்தைப் பார்க்கிறவர் சொல்வார்? அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

'முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்துதானே' என்கிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மதிப்பு 20 லட்சம் ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1,50,000. அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 15,000. எல்லாம் சேர்ந்த தொகைமேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 18 சதவீதம், 3,89,700. ஆக வரி மட்டும் 5,54,700 ரூபாய். ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு 2,49,615. எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிபந்தனையை மீறிய சரக்கு 111-வது பிரிவின் ஓ உட்பிரிவின்படி பறிமுதலுக்கு உரியது, அதற்கான அபராதம் தனி. வங்கி உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு இன்னொரு வலி: பாண்டு ரத்தாகும்வரை அந்த உத்தரவாதத்துக்காக வைத்த மார்ஜின் பணம் வங்கியில் முடங்கிக் கிடக்கும், கமிஷனும் போய்க்கொண்டே இருக்கும்.

கெடு விஷயத்திலும் தப்புக்கணக்கு போடுகிறார்கள். பழுதுக்கு வந்த சரக்குக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். அந்த ஆறு மாதம் பொருள் உங்கள் பட்டறைக்கு வந்து பெட்டி பிரித்த நாளிலிருந்து ஓடாது, இறக்குமதியான தேதியிலிருந்து ஓடும். ஸ்பேர் வர லேட்டாகிறது என்றால் நீட்டிப்பு கேட்கலாம், தகுந்த காரணம் இருந்தால் கொடுக்கிறார்கள். ஆனால் கெடு முடிவதற்கு முன்பே கேளுங்கள். முடிந்த பிறகு ஓடி வந்தால் நான் எழுதும் கடிதம் வெறும் கெஞ்சலாகத்தான் இருக்கும். ஏடிஏ கார்னெட்டில் (தற்காலிகமாக வரும் சரக்குக்கான சர்வதேசச் சுங்க ஆவணம்) கொண்டுவருகிறவர்களும் இதைக் கவனியுங்கள். கார்னெட் ஓராண்டு செல்லும் என்பதால் பொருளை இங்கே ஓராண்டு வைத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. சுங்கத்துறை உங்களுக்குக் கொடுத்த தேதி எதுவோ அதுதான் கெடு. போகும்போது கார்னெட்டில் உள்ள வவுச்சரில் முத்திரை விழுந்ததா என்று பார்க்காமல் விமான நிலையத்தை விட்டு நகராதீர்கள்.

எப்போது திருப்பி அனுப்புவோம் என்றே நிச்சயமில்லாத சரக்கா? அப்படியென்றால் பாண்டைத் தொடாதீர்கள். வரியைக் கட்டி எடுத்துவிட்டு, திருப்பி அனுப்பும்போது அதே சட்டத்தின் 74-வது பிரிவில் டிராபேக், அதாவது கட்டிய வரியைத் திருப்பி, கேளுங்கள். பயன்படுத்தாத பொருளுக்கு 98 சதவீதம் கிடைக்கும். பயன்படுத்தியதென்றால் மூன்று மாதத்துக்குள் 95, ஆறு மாதத்துக்குள் 85 என்று குறைந்துகொண்டே போய், 18 மாதத்துக்கு மேல் ஒன்றுமில்லை. கொஞ்சம் பணம் போகும், ஆனால் இரவில் தூக்கம் வரும். அதிலும் வந்த பொருள்தான் போகிறது என்று நிரூபித்தாக வேண்டும்.

அதனால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பெட்டி பிரித்ததும் நேம் பிளேட்டைப் படம் எடுங்கள். பில் ஆஃப் என்ட்ரியில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அன்றைக்கே என்னைப் போன்றவரைக் கூப்பிடுங்கள். எதை மாற்றினாலும் அந்த நம்பரை மாற்றாதீர்கள். திருப்பி அனுப்பும்போது யாரிடம் கொடுத்தாலும் 'இது பாண்டு சரக்கு' என்று முதல் வரியில் எழுதிக் கொடுங்கள். ஷிப்பிங் பில்லில் பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் ஏற வேண்டும், அதே பொருள்தான் என்று அதிகாரி பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். கப்பல் போன கையோடு ரத்து விண்ணப்பம். கணக்காளர் வேலையை விட்டுப் போனார், ஃபைலைக் காணோம் என்று மூன்று வருடம் கழித்துச் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

கோவைக்காரரின் பட்டறையில் பழைய ஃபோர்மேன் ஒருவர் இருக்கிறார். பிளேட்டைக் கழற்றுவதற்கு முன் அளவு எடுப்பதற்காகத் தன் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். சீரியல் நம்பர் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஓரத்தில் உடைந்த கேசிங்கும் தெரிகிறது. அந்த ஒரு படத்தையும் வேலைப் பதிவேட்டின் இரண்டு பக்கங்களையும் வைத்துத்தான் இப்போது பாண்டு பிரிவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.