சக்கரத்தை எண்ணிய மனிதர்

1847 மே 8. அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில், பிளாட் ஆற்றை ஒட்டி, குடியேறப் போகிறவர்களின் ஒரு வண்டி வரிசை மேற்கே போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு வண்டியின் பக்கத்திலேயே வில்லியம் கிளேட்டன் என்பவர் நாள் முழுக்க நடந்தார். சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தார். சாயங்காலம் வண்டியை நிறுத்தியபோது கணக்கு 4,070.

சக்கரத்தின் சுற்றளவு 14 அடி 8 அங்குலம். அதாவது, 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல். 4,070-ஐ 360-ஆல் வகுத்தால் அன்றைக்கு வந்த தூரம் 11 மைலுக்குக் கொஞ்சம் மேல். கூட வந்தவர்களில் சிலர் 13 மைல் என்றார்கள், சிலர் 14 என்றார்கள். களைத்த கால்களுக்குத் தூரம் எப்போதுமே அதிகமாகத்தான் தெரியும்.

பழைய அமெரிக்காவின் வண்டிப் பயணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பலரும் துப்பாக்கியிலும் சண்டையிலும் தொடங்குகிறார்கள். நான் இந்தச் சக்கரத்தில் தொடங்கச் சொல்வேன். சைக்கிள் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு 500 சுற்று. பாதியிலேயே எண்ணிக்கை தப்பிவிடும். தப்பட்டும். கிளேட்டனுக்கு ஒரு கருவி ஏன் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.

அந்தக் கருவியும் சில நாட்களிலேயே தயாரானது. கூட வந்தவர்களில் ஆர்சன் பிராட் திட்டம் சொன்னார், ஆப்பிள்டன் ஹார்மன் மரத்தில் செய்தார். ஒரு தண்டைச் சுற்றி ஆறு கைகள். வண்டிச் சக்கரம் ஒரு முறை சுற்றும்போது அதன் குடத்தில் (நடுக்கட்டையில்) உள்ள முளை ஒரு கையைத் தள்ளும். ஆக, சக்கரம் ஆறு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று. தண்டின் தலையில் உள்ள திருகு, 60 பல் கொண்ட சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும். ஆறு அறுபது முந்நூற்று அறுபது. பல்சக்கரம் ஒரு முறை முழுதாகச் சுற்றினால் ஒரு மைல் முடிந்தது. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை இந்த எந்திரத்தைத் தானே கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவு மெனக்கெட்டது எதற்காக? குடியேறிகள் மேற்கே போன ஆரகன் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மிசூரி மாநிலத்திலிருந்து மேற்கே சுமார் 2,000 மைல், அதாவது 3,200 கிலோமீட்டர். வண்டிகளைப் பெரும்பாலும் எருதுகள்தான் இழுத்தன. விலை குறைவு, வழியில் கிடைக்கும் முரட்டுப் புல்லைத் தின்றே பிழைக்கும், ஆனால் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர்தான். நல்ல நாளில் 15 மைல் போகலாம். 2,000-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள்: 133 நாள். ஆறு கடப்பது, ஓய்வு, பழுது எல்லாம் சேர்த்தால் ஐந்து, ஆறு மாதம். சமவெளியில் புல் முளைக்கும் முன்னால் கிளம்பினால் மாட்டுக்குத் தீனி கிடைக்காது. அதனால் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம்தான் கிளம்ப முடியும். இலையுதிர்காலம் முடிவதற்குள் மலைகளில் பனி கொட்டத் தொடங்கிவிடும். 1846-இல் குறுக்கு வழி என்று நம்பித் தாமதமான டானர் குழு என்ற வண்டிக் கூட்டம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கிக்கொண்டது. 80-க்கும் மேற்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிழைக்கவில்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது உயிர்க் கணக்கு. கிளேட்டன் தம் கணக்குகளை 1848-இல் வழிகாட்டி நூலாகவே அச்சிட்டார்.

சரி, அந்தச் சக்கரம் எப்படித் தாங்கியது? நம் மாட்டு வண்டியைப் போலவே குடம், ஆரக்கால், விளிம்பு மரமான வட்டை, மேலே இரும்புப் பட்டை. பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகச் செய்வார்கள். நெருப்பில் காய்ச்சினால் இரும்பு விரியும். விரிந்திருக்கும்போதே மாட்டி, தண்ணீரை ஊற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும் இரும்பு மரத்துண்டுகள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் மேற்கே போகப் போக வந்தது. இரும்பு சூட்டுக்கு விரியும். மரமோ ஈரத்துக்கு விரியும். வறண்ட காற்றில் மரத்தின் ஈரம் போய் வட்டை சுருங்கியது, பட்டை தளர்ந்து கழன்று விழப் பார்த்தது. மக்கள் இடுக்கில் ஆப்பு அடித்தார்கள். ராத்திரி ஆற்றோரம் தங்கினால் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப் போட்டார்கள். மரம் ஊறிப் பருத்து மறுபடி இறுகியது. தச்சுப் பட்டறையோ கொல்லனோ இல்லாத இடத்தில் இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தோன்றவில்லை.

வண்டிப் பெட்டிக்குக் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் கிடையாது. சுமார் 4 அடி அகலம், 10 அடி நீளம். அது நிறைய மாவு, உப்பிட்ட பன்றிக்கறி, பீன்ஸ், காப்பி. அதனால் பெரும்பாலானவர்கள், பிள்ளைகள் உட்பட, நடந்தே போனார்கள். காலையில் பால் வாளியை வண்டியில் தொங்கவிட்டால் சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும். குலுக்கலில் பாலின் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மூடியுள்ள பாட்டிலில் கெட்டியான பாலேட்டைப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்து காட்டுவார்கள். மரமே இல்லாத சமவெளியில் அடுப்பெரிக்கக் காட்டெருமையின் காய்ந்த சாணம். வரட்டியை அறிந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வலிக்கும் பகுதியையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. அதிகம் பேரைக் கொன்றது காலரா. ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து சக்கரத்தடியில் சிக்கிய குழந்தைகளும் உண்டு. அப்புறம், அது ஆளில்லாத நிலம் இல்லை. பானி, லக்கோட்டா, ஷையன், ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களில் பலர் பயணிகளுக்கு உணவு விற்றார்கள், ஆறு கடக்க உதவினார்கள். பதிலுக்கு வண்டிகள் அவர்களின் புல்லைத் தின்று தீர்த்தன, காட்டெருமைகளை விரட்டின, காலராவையும் கொண்டுவந்தன. வண்டிகளை வட்டமாக நிறுத்தியதுகூடப் பெரும்பாலும் மாடுகள் ஓடிப்போகாமல் அடைத்து வைக்கத்தான்.

1869-இல் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் ரயில் பாதை முடிந்தபின் வண்டிகள் குறைந்தன. தடம் மட்டும் போகவில்லை. வயோமிங் மாநிலத்தில் கர்ன்சி ஊருக்குப் பக்கத்தில் மென்மையான மணற்பாறையைச் சக்கரங்கள் தேய்த்த பள்ளம் இன்றும் இருக்கிறது. சில இடங்களில் ஆழம் 5 அடி. எட்டு வயதுப் பிள்ளை இறங்கி நின்றால் தலைகூட வெளியே தெரியாது.