24 மணி நேரம் உயிர்வாழும் தோல்

என் ஆயாவின் முன்கையில் மீன்வலை போல ஒரு தடம் இருந்தது. டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பு கவிழ்ந்தபோது பட்ட தீக்காயம். சின்ன வயதில் அந்தக் கட்டங்களை விரல் வைத்து எண்ணுவேன். "தொடையிலேருந்து எடுத்து இங்கே ஒட்டினாங்க, கண்ணு" என்பார்.

அந்த வலைக்குக் காரணம் உண்டு. தொடைத் தோலை முழு ஆழத்துக்கு எடுப்பதில்லை. மெல்லிய தாளாகச் சீவுவார்கள். மயிர்க்கால்கள் அடியில் தங்கிவிடுவதால், அங்குள்ள செல்கள் பெருகி, சீவிய இடம் இரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். சீவிய தோலில் வரிசையாகக் கீறல் போட்டு இழுத்தால் அது வலையாகி, மூன்று மடங்கு வரை விரியும். டேனர் என்ற அறுவை மருத்துவரும் கூட்டாளிகளும் 1964-இல் வெளியிட்ட வழி இது. ஒட்டிய தோலுக்கு முதல் ஓரிரு நாள் ரத்த ஓட்டமே கிடையாது. புண்ணில் கசியும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கும். பிறகு அடியிலுள்ள நுண்குழாய்கள் அதன் குழாய்களோடு வாய் சேரும். நடுவே நீரோ ரத்தமோ தேங்கினால் சேராது, தோல் செத்துவிடும். தேங்காமல் வடிவதற்கும் அந்தக் கீறல்களே வழி.

சீவுவதற்கே தோல் மிச்சமில்லாதவர்களுக்கு? 1975-இல் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்ற ஆய்வாளர்கள் மேல்தோல் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். தபால்தலை அளவுத் தோலிலிருந்து சில வாரங்களில் தாள் தாளாக வளரும். 1983-இல் அமெரிக்காவில் உடம்பெல்லாம் வெந்த இரண்டு சிறுவர்களைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் அது வெறும் மேல்தோல். சில செல் கனம்தான், உரசினாலே கொப்பளிக்கும். உள்தோலுக்கு ஈடாக பர்க், யானஸ் என்ற ஆய்வாளர்கள் மாட்டுக் கொலாஜன் என்ற புரதத்தையும் சுறாவின் குருத்தெலும்புப் பொருளையும் சேர்த்து, செல்கள் பற்றி வளர ஒரு சாரக்கட்டு செய்தார்கள். ஆய்வு வெளியானது 1981. அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1996. இடையில் 15 ஆண்டுகள்! ஆய்வகத்தில் சரியாக வந்த ஒன்றை, நோயாளிக்கு நோயாளி சோதித்து, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் செய்துகாட்ட வேண்டும். அத்தனை காலமும் யாராவது பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆராய்ச்சி நிதி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நீண்ட காத்திருப்புதான்.

2012-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் இப்படித் தட்டில் வளர்த்த மேல்தோல் விமானம் ஏறி ஜோகன்னஸ்பர்க் வந்தது. பெட்டியில் வைத்த பிறகு அதற்கு ஆயுள் 24 மணி நேரம்தான்; அதற்குள் ஒட்டியாக வேண்டும். கடல் தாண்டி அப்படி வரவழைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? நம் தென்னாப்பிரிக்காவில் பாரஃபினால் வேகிறவர்களில் பலர் குடிசைப் பிள்ளைகள். டர்பனிலோ கேப்டவுனிலோ செல் வளர்க்கும் தூய அறையும் அதை நடத்தப் பழகிய ஆட்களும் வேண்டுமென்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அறுவை மருத்துவர் ஃபியோனா வுட் கொண்டுவந்த முறையில், நோயாளியின் சிறு தோல்துண்டிலிருந்து ஒரு கருவியால் செல்களைப் பிரித்து, அறுவை அரங்கிலேயே புண்ணின் மேல் தெளிக்கிறார்கள். வாரக்கணக்கில் வளர்க்க வேண்டாம், விமானமும் வேண்டாம். ஆழமான காயமென்றால் வலைத்தோலோடு சேர்த்தே தெளிக்க வேண்டும். அந்தக் கருவியின் விலையை அரசு மருத்துவமனைக்குக் கட்டுப்படியாக்கும் ஆய்வுக்குத்தான் நம் ஆராய்ச்சி ரேண்ட் முதலில் போக வேண்டும்.