சோழ அரசியின் இடுப்பில் சாவிக்கொத்து

குந்தவைப் பிராட்டியார் ஜன்னலைத் திறக்கிறார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறக்கிறார். "கஜானாவில் எவ்வளவு பாக்கி?" என்று கேட்கிறார். கதை நடக்கும் ஆண்டு 1010. பின்னட்டையில் "கல்வெட்டு ஆதாரங்களுடன் எழுதப்பட்ட வரலாற்று நாவல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

ஜன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். அவர்கள் கோழிக்கோட்டில் வந்து இறங்கியதே 1498-இல்தான். கஜானாவும் பாக்கியும் அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தவை. சாளரம், திறவுகோல், பண்டாரம் என்று தமிழில் சொற்கள் இருக்கின்றன. கதைசொல்லி இன்றைய ஆள், அவர் ஜன்னல் என்று எழுதினால் குற்றமில்லை. பாத்திரத்தின் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போதுதான் கதை 500 ஆண்டு முன்னால் தாவி விழுகிறது. இப்படி ஒரே ஒரு பிரதி என்றால் பிழை திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால், வாசகர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில், தவறுகளுக்கெல்லாம் தாயான ஒரு வாதம். "அந்தக் காலத்துப் பெண்களைப் பற்றி ஆதாரமே கிடையாது, அதனால் கற்பனை செய்துதான் ஆகவேண்டும்" என்கிறார்கள். முன்னுரையில் எழுதுகிறார்கள், மேடையில் சொல்கிறார்கள், வாசகரும் தலையாட்டுகிறார். இது உண்மையல்ல. தமிழ்நாட்டு இடைக்கால அரசியரைப் பற்றிக் கல்லில் கிடைப்பது கொஞ்சநஞ்சமல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டு, 20-ஆம் நாள் ஆணை இருக்கிறது. அரண்மனைக்குள், திருமஞ்சனசாலையில் (நீராடும் மண்டபத்தில்) இருந்தபடி அரசர் வாய்மொழியாகச் சொன்னது அது: "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று.

அந்த வரிசையைக் கவனியுங்கள். நான், பிறகு அக்கா, அதற்குப் பிறகுதான் மனைவியர். மனைவியரை முந்தி நிற்கிறார் அக்கா. ஒரு குடும்பத்தின் அதிகார அடுக்கு ஒரே வரியில், அரசரின் வாய்மொழியாகவே கிடைக்கிறது. இதைவிட நல்ல நாவல் தொடக்கம் எந்தக் கற்பனையில் கிடைக்கும்?

அதே விமானத்தில் அந்த அக்கா கொடுத்த பட்டியல் தனியாக இருக்கிறது. அதில் அவர் யார் என்று கல்வெட்டு அறிமுகம் செய்யும் முறை: ஸ்ரீராஜராஜதேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். தம்பி முதலில், கணவர் அடுத்து, தந்தையின் பெயர் அவர் பெயரோடேயே ஒட்டி நிற்கிறது. திருமணத்துக்குப் பிறகும் அவர் பராந்தகன் குந்தவைதான். தந்தை சுந்தர சோழனுக்கும் (இரண்டாம் பராந்தகன் என்பவரும் இவரே) தாய்க்கும் செப்புத் திருமேனி எடுத்து அந்தக் கோயிலில் வைத்தவர். கொடுத்த பொன் "ஆடவல்லான்" என்ற பெயருள்ள எடைக்கல்லாலும், நகைகள் "தட்சிணமேரு விடங்கன்" என்ற எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கீழே இறங்கி இறங்கி எடை எழுதியிருக்கிறார்கள். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு நகையில் எத்தனை முத்து, அவற்றில் எது உருண்டை, எது சப்பை என்பதுவரை கல்லில் இருக்கிறது. இதைப் பார்த்தபின் "ஆதாரமே இல்லை" என்பவர் தேடவில்லை என்றுதான் பொருள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி இந்த ஒரு கோயில்தான். அச்சாகி நூறாண்டுக்கு மேல் ஆகிறது.

உண்மையில் கிடைக்காதது ஒன்று உண்டு. அந்த அரசியர் வீட்டுக்குள் என்ன பேசினார்கள், யாரை நேசித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்பது எந்தக் கல்லிலும் இல்லை. அந்த இடம் முழுக்க நாவலாசிரியருக்குத்தான் சொந்தம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் கல் பேசும் இடத்தில் கற்பனையைப் போட்டுவிட்டு, கல் மௌனமாக இருக்கும் இடத்தில் "வரலாறு சொல்கிறது" என்று எழுதுகிறார்களே, அதுதான் தாங்கமுடியவில்லை.

அடுத்தது பெயர்க் குழப்பம். வானவன் மாதேவி, பஞ்சவன் மாதேவி, திரிபுவன மாதேவி இவையெல்லாம் பெரும்பாலும் பட்டப்பெயர்கள். சுந்தர சோழனின் தேவியும் வானவன் மாதேவி, அவர் மகன் இராசராசனின் தேவியும், அதாவது இராசேந்திரனின் தாயும், வானவன் மாதேவி. மாமியாரின் கல்வெட்டை மருமகளுக்குச் சூட்டி ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினால், அடியிலிருந்தே கதை சாய்ந்துவிடும். குந்தவையும் ஒருவரல்ல. இராசராசனின் அக்கா ஒருவர். அவன் மகள், வேங்கிநாட்டு விமலாதித்தனை மணந்தவர், இன்னொருவர். முதற் குலோத்துங்கனின் உடன்பிறந்தாளும் குந்தவைதான். ஆகவே சோழ அரசி நாவலில் பெயரைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இது இயற்பெயரா, பட்டமா? யார் மகள்? எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு? ஆசிரியர் மூன்றுக்கும் விடை தெரிந்து எழுதியிருந்தால் அது பத்துப் பக்கத்துக்குள் புலப்பட்டுவிடும். உத்தம சோழனின் தேவியரைக் கல்வெட்டுகள் இருங்கோளர் மகளார், பழுவேட்டரையர் மகளார் என்று பிறந்த வீட்டைச் சொல்லித்தான் காட்டுகின்றன. ஒவ்வொரு தேவியும் ஒரு சிற்றரசு வீட்டின் உறவைச் சோழர் அரண்மனைக்குள் கொண்டுவந்தவர். பிறந்த வீடே இல்லாத அரசியாக ஒரு நாவல் எழுதப்பட்டிருந்தால், அதில் அரசியலே இல்லை.

அரண்மனைப் பெண்கள் எல்லாரையும் "மகாராணி" என்று ஒரே தட்டில் வைப்பதும் அப்படித்தான். நம்பிராட்டியார் (அரசி) என்பது ஒரு நிலை, அணுக்கியார் (அரசருக்கு அணுக்கமான துணைவி) வேறு, போகியார் (காமக்கிழத்தி) வேறு. திருவாரூரில் பெரும் பொன்பணி செய்த பரவை நங்கையார் முதலாம் இராசேந்திரனின் அணுக்கியார். அரசரும் அவரும் நின்ற இடத்தில் விளக்கு வைக்கும் அளவுக்கு மதிப்பு, ஆனாலும் பட்டத்து அரசியல்ல. அந்த இடைவெளியில் எவ்வளவு கதை இருக்கிறது! வேளம் என்ற பணிப்பெண்டிர் குடியிருப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் சோழர் அந்தப்புரம் எழுதுகிறவர், சமையல்கட்டே இல்லாமல் வீடு கட்டுகிறார்.

இனி வாள். அட்டைப்படத்தில் குதிரைமேல் வாளோடு அரசி இல்லாவிட்டால் விற்காது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். தன் பெயரில் ஆட்சி நடத்திய அரசி வேண்டுமானால் ஓரங்கல்லுக்கு (இன்றைய வாரங்கல்) போங்கள், 13-ஆம் நூற்றாண்டில் காகதீய ருத்ரமதேவி இருக்கிறார், "ருத்ரதேவ மகாராசா" என்று ஆண்பெயரிலேயே ஆண்டவர். சோழர் குடியில் அப்படி முடிசூடி ஆண்ட பெண் இல்லை. அதனால் அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று நினைப்பதுதான் தவறு. அவர்களுடைய அதிகாரம் பொன்னிலும் நிலத்திலும் ஆட்டிலும் கல்லிலும் இருந்தது.

ஆடு என்றதும் சிரிக்கவேண்டாம். ஒரு நந்தாவிளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) எரிய 96 ஆடு விடுவது சோழநாட்டில் பெருவழக்கு. அந்த ஆடுகளைக் கோயில் வைத்துக்கொள்ளாது, இடையர்கள் பொறுப்பேற்பார்கள். அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது கால் நாழி, அளக்கவேண்டும். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டு சொல்லும். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும், ஆனால் கணக்கில் 96 எப்போதும் 96 தான். குறைந்தால் இடையர் கையிலிருந்து நிரப்பவேண்டும். ஓர் அரசி விளக்கு வைத்தால் அவர் விருப்பம் ஓர் ஊரின் மந்தையிலும், ஒரு குடும்பத்தின் தலைமுறைக் கடமையிலும் போய் உட்காருகிறது. பஞ்சத்தில் மந்தை செத்தால் அந்த இடையர் என்ன செய்வார், அரசியின் அதிகாரி வந்து நிற்கும்போது என்ன பேசுவார் என்று ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். அரியணைச் சண்டை பத்துக்கு அது ஈடு.

செம்பியன் மாதேவியாரை எடுத்துக்கொள்ளுங்கள். மழவரையர் மகள், சோழ அரசர் கண்டராதித்தரின் தேவி. கணவர் இறந்தது ஏறத்தாழ 957-இல். அதற்குப்பின் 40 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். செங்கல் தளிகளை (கோயில்களை) கற்றளிகளாக (கற்கோயில்களாக) மாற்றிக்கொண்டே போனார்: திருநல்லம், திருமுதுகுன்றம், தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி. திருநல்லம் என்பது இன்றைய கோனேரிராசபுரம். அங்கே கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவது போல் சிற்பம் செதுக்கி, அவர் திருநாமத்தால் எடுப்பித்த கோயில் என்று கல்லில் எழுதவைத்திருக்கிறார். கல்வெட்டுகள் இவரை "உத்தமசோழரைத் திருவயிறு வாய்த்த உடையபிராட்டியார்", அதாவது உத்தம சோழனைப் பெற்ற தாய், என்கின்றன. அதே குடும்பத்தில் சுந்தர சோழனின் தேவி வானவன் மாதேவி, பால்குடி மாறாத குழந்தையை விட்டுக் கணவனோடு தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு பாடுகிறது. ஒரே அரண்மனை, ஒரே தலைமுறை வட்டம், இரண்டு விதவைகள், இரண்டு முடிவுகள். "அந்தக் காலத்தில் எல்லா அரசியும் உடன்கட்டை ஏறினார்கள்" என்று எழுதுகிற நாவலையும், "தமிழ்நாட்டில் அந்த வழக்கமே இல்லை" என்று எழுதுகிற நாவலையும் ஒருசேரக் கீழே வையுங்கள்.

சாப்பாடு, பூ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, மரவள்ளி, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சோழர் அடுக்களையில் காரம் என்றால் மிளகு. நந்தவனத்தில் காகிதப்பூ வேண்டாம், துலுக்கச் சாமந்தியும் வேண்டாம். அரசி பரதநாட்டியம் பார்த்தாள் என்று எழுதாதீர்கள், கூத்து என்று எழுதுங்கள், தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) என்று எழுதுங்கள். இராகத்துக்குப் பதில் பண். இராசராசன் காலத்துக் காட்சியில் பெரிய கோயில் அம்மன் சன்னதியில் அரசியை அழவைக்காதீர்கள், அந்தச் சன்னதி 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தது. முகப்பில் இருக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலம்.

நேரமும் தூரமும் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், அவசரமாக எழுதிய நாவல் இங்கேதான் அகப்படும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு யாமம் ஏழரை நாழிகை. "ஒரு நாழிகையில் தஞ்சையிலிருந்து பழையாறை (கும்பகோணம் அருகே) வந்துவிட்டாள்" என்றால் அது கார்ப் பயணம். தூரம் 35, 40 கிலோமீட்டர். பல்லக்கு மணிக்கு 4, 5 கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது, தோள் மாற்ற ஆள் வேண்டும், ஆறு கடக்க ஓடமோ பரிசலோ வேண்டும். விடியலில் கிளம்பினால் அந்திக்கு வந்து சேரலாம். காஞ்சிபுரம் என்றால் கொள்ளிடம், தென்பெண்ணை, பாலாறு எல்லாம் குறுக்கே கிடக்கின்றன. நல்ல குதிரைக்கே நான்கைந்து நாள். ஐப்பசி அடைமழையில் அதுவும் நடக்காது. தஞ்சையில் மாலை எழுதிய ஓலை மறுநாள் காலை காஞ்சியில் கிடைத்தால், புத்தகத்தை மூடிவிடலாம்.

வயதையும் கூட்டிப் பாருங்கள். இராசராசன் பட்டமேறியது 985. பெரிய கோயில் விமான உச்சியில் குடம் (கலசம்) வைத்தது 1010. அவனுக்கு மூத்தவரான குந்தவையார் அந்த விழாவில் இளங்குமரியாகக் கொலுசு ஒலிக்க ஓடிவரமுடியாது. நரைத்த கூந்தலோடு, நிறைந்த கையோடு, தம்பி மகன் இராசேந்திரன் ஆட்சியிலும் தானம் செய்துகொண்டிருந்த அம்மையார் அவர். தஞ்சை ஆதுலசாலை (மருத்துவமனை) மருத்துவருக்கு நிலம் கொடுத்த அந்த வயதான பெண்ணை எழுத ஏன் ஒருவருக்கும் கைவரவில்லை?

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாவலின் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பாத்திரம் உங்கள் கற்பனை, எந்த நிகழ்ச்சியை நகர்த்தினீர்கள், எந்த ஆண்டை மாற்றினீர்கள் என்று பச்சையாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதால் ஒரு வாசகரும் உங்களை விட்டுப் போகமாட்டார்.

வாசகர்களே, நாவலில் வரும் வசனத்தைப் படத்தின்மேல் எழுதி, கீழே "குந்தவைப் பிராட்டியார்" என்று பெயர் போட்டுப் பகிராதீர்கள். அவர் பேசிய பேச்சு எதுவும் நமக்குக் கிடைத்திருக்கவில்லை. கிடைத்திருப்பது அவர் கொடுத்தவற்றின் பட்டியல். தஞ்சைக்குப் போகும்போது விமானத்தின் அடித்தளத்தருகே பத்து நிமிடம் நின்று, எழுத்துக்கூட்டி, "அக்கன்" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.